மூடுபனியில் பேட்டரி பேங்க்: டியூபுலரா, லித்தியமா?

மன்னவனூரான் | 14.6.2024

கொடைக்கானல் மேல்மலையில மன்னவனூர் தாண்டி தோட்டத்து வீடு. கரண்ட் கம்பம் வர வழியில்லை, சோலார்தான். 6 லைட், சின்ன ஃபிரிட்ஜ், டிவி, வைஃபை, மிக்ஸி. கடைக்காரர் 24 வோல்ட் சிஸ்டத்துக்கு 150 ஏ.எச். (ஆம்ப் அவர்) டியூபுலர் பேட்டரி நாலு, 540 வாட் பேனல் ரெண்டு போதும்ங்கிறார். இன்னொருத்தர் லித்தியம் போடுங்க, பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்ங்கிறார். பழைய பேங்க் மூணே வருஷத்துல உப்பிப் போச்சு. குளிர்தான் பேட்டரியைக் கொல்லுதா? எதை வாங்கறது?

ஒயர்மேன் | 14.6.2024

குளிர்மேல பழி போடாதீங்க தம்பி. மலையில பேட்டரி பெரும்பாலும் பட்டினியாலதான் சாகுது.

டியூபுலர்ங்கறது லெட் ஆசிட் பேட்டரிதான். அதுல இருந்து கரண்ட் எடுத்தா தகட்டுல ஈய சல்பேட் படியும். அன்னைக்கோ மறுநாளோ முழுசா சார்ஜ் ஏத்திட்டா கரைஞ்சிடும். அரைவயிறா ஒரு வாரம், பத்து நாள் கிடந்தா அந்தப் படிவு இறுகிப் படிகமாயிடும். அப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் முழுசாக் கரையாது. உங்க பக்கம் ஜூன்லயும் மூட்டம், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. வருஷத்துல நாலஞ்சு மாசம் பேட்டரி ஒருநாள் கூட நிறையாம ஓடுது. உப்பினதும் அதோட தொடர்ச்சிதான். வரிசையில ஒரு பேட்டரி மட்டும் சல்பேட் கட்டினா, மத்தது நிறையறதுக்கு முன்னாடியே அதோட வோல்டேஜ் ஏறி, அது மட்டும் கொதிச்சு சூடாகும்.

அதனால பேட்டரியை எடுத்த எடுப்புல பேசறது தப்பு. முதல்ல பேனல். காசு கையில கொஞ்சம்தான் இருக்குன்னா ரெண்டு பேனல் கூடப் போட்டுட்டு பேட்டரியைக் குறைங்க. கடையில எப்பவும் தலைகீழாத்தான் சொல்லுவாங்க.

ஒயர்மேன் | 15.6.2024

கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம். லைட் 9 வாட் ஆறு, அஞ்சு மணி நேரம்: 270 வாட் அவர். ஃபிரிட்ஜ் மன்னவனூர் குளிருக்கு ஒரு 500. டிவி 60 வாட், நாலு மணி நேரம்: 240. வைஃபை 10 வாட், நாள் முழுக்க: 240. மிக்ஸி கால் மணி நேரம்: 125. மொத்தம் 1375.

யாரும் எழுதாத ஒரு வரி இருக்கு. இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருந்தாலே குடிக்கும். 20 வாட்னு வெச்சாலும் 24 மணி நேரத்துக்கு 480. உங்க ஃபிரிட்ஜ் அளவுக்குச் சாப்பிடுது. ஆக நாளுக்கு 1855 வாட் அவர், அதாவது சுமார் 1.9 யூனிட்.

மேகமில்லாத வானத்துல 1 கிலோவாட் பேனல் 4-5 யூனிட் தரும். அடை மூட்டத்துல ஒரு யூனிட் வந்தாலே பெரிசு. ரெண்டு பேனல் 1080 வாட். மூட்ட நாள்ல வரவு 1, செலவு 1.9. தினம் 0.9 கடன். நாலு 150-ல் பாதியைத்தான் எடுக்கலாம், அது 3.6 யூனிட். நாலாம் நாள் கையிருப்பு தீர்ந்துடும். சரி, தீர்ந்தது தீர்ந்தது, அஞ்சாம் நாள் வெயில் வந்தா நிறையுமா? 3.6 யூனிட் கடன், அதுமேல லெட் ஆசிட்டுக்கு 20-25 சதவீதம் நஷ்டம், அதுமேல அன்னைக்குச் செலவு. ரெண்டு பேனலுக்கு அதை அடைக்க முழு வெயில்ல ரெண்டு நாள் வேணும். கொடைக்கானல் மேல்மலையில ஜூலையில தொடர்ந்து ரெண்டு நாள் முழு வெயில்! சூரியனைப் பார்க்கறதுக்குன்னே 1899-ல ஆய்வகம் வெச்ச மலைதான், ஆனா அவங்களும் ஜூலையை நம்பி வெச்சிருக்க மாட்டாங்க.

நாலு பேனல் போட்டா மூட்ட நாள்லயே வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டும். அதுதான் விஷயம்.

மன்னவனூரான் | 15.6.2024

நாலு பேனல் போட்டா வெயில் நாள்ல பேட்டரிக்கு அதிகமாப் போய் கெட்டுடாதாண்ணே?

ஒயர்மேன் | 15.6.2024

நல்ல கேள்வி. 2160 வாட் பேனல் நடுப்பகல்ல 60 ஆம்ப் தாண்டித் தரும். 300 ஏ.எச். டியூபுலருக்கு 30 ஆம்ப் சுகம், 45 வரைக்கும் தாங்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜைக் கட்டுப்படுத்தற எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்ல அதிகபட்ச சார்ஜ் கரண்ட்னு ஒரு செட்டிங் இருக்கும், 45-ல நிறுத்திடுங்க. மோட்டாரும் ரைஸ் குக்கரும் பகல்லயே ஓடட்டும்.

கன்ட்ரோலர் வாங்கறப்ப ஒண்ணு பாருங்க. குளிர்ல பேனல் வோல்டேஜ் ஏறும். 540 வாட் பேனல் திறந்த நிலையில 49.5 வோல்ட்னு தாள்ல இருக்கும், அது 25 டிகிரிக்கு. ஒரு டிகிரி குறைஞ்சா சுமார் 0.28 சதவீதம் ஏறும். உறைபனி காலையில 0 டிகிரின்னா 7 சதவீதம் கூட, அதாவது 53 வோல்ட். ரெண்டைத் தொடரா இணைச்சா 106. 100 வோல்ட் கன்ட்ரோலர் அன்னைக்குக் காலையிலயே போயிடும். மூணைத் தொடரா போட்டா 159, அதுல 150 வோல்ட் கன்ட்ரோலர் போயிடும். சமவெளியில இந்த இணைப்பு தொல்லை இல்லாம ஓடியிருக்கும், அதனால வத்தலக்குண்டுல இருந்து வர்ற ஃபிட்டர் சத்தியம் பண்ணுவார். நம்பாதீங்க. ரெண்டு தொடர், ரெண்டு வரிசை, 150 வோல்ட் கன்ட்ரோலர்.

கோத்தகிரி வாத்தியார் | 17.6.2024

இவ்வளவு கணக்குப் போட்டுட்டு இன்னும் டியூபுலரையே பேசிட்டிருக்கீங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு அரைவயிறுதான் பிடிச்ச நிலைமை. 40 சதவீதத்துல ஒரு மாசம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. பட்டினிதான் பிரச்னைன்னா பட்டினியைத் தாங்கறதை வாங்க வேண்டியதுதானே?

ஒயர்மேன் | 17.6.2024

வாத்தியாரே, பதில் இருக்கு. ஆனா நாளைக்கு.

ஒயர்மேன் | 18.6.2024

ராத்திரி யோசிச்சதுல வாத்தியார் சொன்னதுல முக்கால்வாசி சரி. நான் 15-ஆம் தேதி எழுதினதுக்குள்ளயே அது இருக்கு, எனக்குத்தான் படலை. டியூபுலர்ல 100 போட்டா 75-80 திரும்ப வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல 95. வெயிலே கொஞ்சமா வர்ற இடத்துல இந்த வித்தியாசம் நாலு பேனல்ல ஏறக்குறைய முக்கால் பேனலுக்குச் சமம்.

இன்னொண்ணு, இதைவிட முக்கியம். டியூபுலர்ல கடைசி 20 சதவீதம் மெதுவாத்தான் ஏறும். வோல்டேஜ் 28.8-ல நிக்கும், கரண்ட் தானாக் குறைஞ்சுகிட்டே வரும், அதுக்கு மூணு நாலு மணி நேரம் விடாம வெயில் வேணும். நம்ம மலையில காலை எட்டுல இருந்து பதினொண்ணரை வரை வெயில், அப்புறம் பள்ளத்தாக்குல இருந்து மஞ்சு ஏறிடும். கடைசி 20-ஐ ஏத்த வேண்டிய நேரம் பூரா மஞ்சுக்குள்ள. லித்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, கிடைச்ச ரெண்டு மணி நேரத்துல கொடுத்த கரண்டை அப்படியே வாங்கிக்கும்.

அளவும் குறையும். 1.9 யூனிட், ரெண்டு நாள் கையிருப்பு: டியூபுலர்ல பாதிதான் எடுக்கலாம்னா 7.6 யூனிட், அதுல குளிருக்கு 15 சதவீதம் கழிவு, ஆக 24 வோல்ட்ல 370 ஏ.எச். சந்தைக்கு வந்தா 200 ஏ.எச். நாலு. (கடைக்காரர் சொன்ன 150 நாலு ஒன்றரை நாளுக்குத்தான்.) லித்தியம்னா 25.6 வோல்ட் 200 ஏ.எச். ஒரே பெட்டி, 5.1 யூனிட், போதும். எடையும் பாருங்க. 200 ஏ.எச். டியூபுலர் ஒண்ணு ஆசிட்டோட 65 கிலோ பக்கம், நாலு கால் டன். லித்தியம் பெட்டி 50 கிலோவுக்குள்ள. ஜீப் போகாம குதிரைமேல சாமான் ஏறுற ஊருக்கு இதுவே முடிவு பண்ணிடும். ஆசிட் பேட்டரியைக் குதிரை சாய்ச்சா குதிரைக்கும் ஆபத்து.

அப்ப ஏன் முக்கால்வாசி மட்டும் சரி? உறைபனி. 0 டிகிரிக்குக் கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணவே கூடாது. செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு நிரந்தரமாக் கொள்ளளவு போகும், உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகவும் வழி இருக்கு. பேட்டரிக்குள்ள பி.எம்.எஸ்.னு ஒரு காவல் சர்க்யூட் இருக்கும், நல்லதா இருந்தா அந்த நேரத்துல சார்ஜை வெட்டிடும். மலிவு பி.எம்.எஸ்.ல வெப்ப சென்சாரே இருக்காது. தாள்ல "குறைந்த வெப்பநிலை சார்ஜ் கட்-ஆஃப்" இருக்கான்னு பார்க்காம காசு கொடுக்காதீங்க.

மன்னவனூரான் | 19.6.2024

கையில இருக்கற காசுக்கு இப்ப டியூபுலர்தான் ஆகும்ணே. பேனல் நாலு போட்டுடறேன். 150 நாலு, கடைக்காரர் கொடுத்துட்டார். லித்தியம் அடுத்த தடவை. பேட்டரி ஏத்திட்டு வர, கொடைக்கானல் வர்ற வண்டிக்கு கோர்ட் சொன்ன இ-பாஸ் வேணுமான்னு மச்சான் கேக்கறான்.

ஒயர்மேன் | 19.6.2024

இ-பாஸ் வண்டிக்கு. பேட்டரிக்கு கோர்ட் இன்னும் ஒண்ணும் சொல்லலை.

கொடுத்தது சி10-ஆ சி20-ஆ பாருங்க. ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல இருக்கும். சி10 150-னா பத்து மணி நேரத்துல 15 ஆம்பா எடுத்தா 150 வரும். சி20 150-ங்கறது வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, அதையே பத்து மணி நேரத்துல எடுத்தா 15-20 சதவீதம் குறைவாத்தான் வரும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சோலாருக்கு சி10. தயாரிச்ச மாசமும் பாருங்க, ஆறு மாசம் குடோன்ல சார்ஜ் இல்லாமக் கிடந்தது வாங்கும்போதே கிழவன்.

ஒயர்மேன் | 22.6.2024

இணைப்பு. ரெண்டு ரெண்டா தொடர், ரெண்டு வரிசை பக்க இணைப்பு. இன்வெர்ட்டருக்குப் போற பாசிட்டிவை முதல் வரிசையில இருந்தும், நெகட்டிவை ரெண்டாம் வரிசையில இருந்தும் எடுங்க, குறுக்கா. ரெண்டையும் ஒரே வரிசையில எடுத்தா கிட்ட இருக்கற வரிசை அதிகம் உழைச்சு சீக்கிரம் போகும். வரிசைகளை இணைக்கற ஒயர் ஒரே நீளம், ஒரே தடிமன்.

1500 வாட் இன்வெர்ட்டர் முழு லோடுல 75 ஆம்ப் இழுக்கும். 35 சதுர மி.மீ. செம்பு, ஒன்றரை மீட்டருக்கு மேல வேண்டாம். பேட்டரி வராந்தாவில, கன்ட்ரோலர் உள்ளே அஞ்சு மீட்டர் தள்ளின்னு வெச்சா, போக வர 10 மீட்டர். 10 சதுர மி.மீ. ஒயர்ல 42 ஆம்ப் ஓடினா 0.77 வோல்ட் வழியிலயே போயிடும். கன்ட்ரோலர் 28.8 காட்டும், பேட்டரிக்கு 28.0 தான் வரும். பட்டினிக்கு இதுவும் ஒரு காரணம். 25 சதுர மி.மீ. போட்டா 0.3 தான் நஷ்டம்.

ஒயர் நுனியில மாட்டற லக்கை சுத்தியலால தட்டி நசுக்கறதை விட்டுடுங்க. ஹைட்ராலிக் கிரிம்பிங் இருக்கற ஆள்கிட்ட கொடுத்து அழுத்தி வாங்குங்க. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு முழத்துக்குள்ள டி.சி. ஃபியூஸ். ஏ.சி. எம்.சி.பி.யை (ட்ரிப் ஸ்விட்ச்) டி.சி.க்குப் போடாதீங்க. ஏ.சி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடறதால தீப்பொறி தானா அணையும். டி.சி.யில அந்த வசதி இல்லை, எம்.சி.பி.க்குள்ள வெல்டிங் நடக்கும்.

ஒயர்மேன் | 23.6.2024

செட்டிங் மறந்துட்டேன். பேட்டரி இறங்கினா இன்வெர்ட்டர் தானா நிக்கற கட்-ஆஃப், கம்பெனியில இருந்து வரும்போது 21 வோல்ட்ல இருக்கும். முழு லோடுக்கு அது சரி. ராத்திரி ஒரு லைட்டும் வைஃபையும் மட்டும் ஓடி 21-க்கு வந்தா பேட்டரியில ஒண்ணுமே மிச்சமில்லைன்னு அர்த்தம். 23.2-ல வையுங்க. ஒரு பேட்டரி முழுசா நிறைஞ்சு ஓய்வுல 12.7, பாதியில 12.2. லோடு ஓடறப்ப அதுக்கும் கீழ காட்டும், அதுக்கு இடம் விட்டுத்தான் 23.2.

கோத்தகிரி வாத்தியார் | 23.6.2024

12.7 கார் பேட்டரிக்கு. டியூபுலருக்குமா?

ஒயர்மேன் | 24.6.2024

மாட்டிகிட்டேன். செல் வோல்டேஜ் ஏறக்குறைய ஆசிட் அடர்த்தியோட 0.84 கூட்டினது. கார் பேட்டரி 1.270, அதனால 12.7. டியூபுலர் 1.240-ல நிரப்பினது, ஒரு செல்லுக்கு 2.08, ஆறுக்கு 12.5. ஆக உங்க பேட்டரி ஓய்வுல 12.5 காட்டினாலே வயிறு நிறைஞ்சாச்சு, பாதின்னா 12.0-12.1. 12.7 வரலையேன்னு சார்ஜரைத் திட்டிகிட்டு இருக்கற பாதிப்பேர் இதுலதான் இருக்காங்க. ஓய்வுன்னா சார்ஜும் இல்லாம லோடும் இல்லாம நாலு மணி நேரம். 23.2 கட்-ஆஃப் அப்படியே இருக்கட்டும்.

வாத்தியார் சொல்லிக்காட்டினதுக்கு ஒரு டீ கடன்.

மன்னவனூரான் | 9.8.2024

மாட்டியாச்சு. தண்ணி எப்ப ஊத்தணும்? இங்க ஊத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மழைத்தண்ணியும் சுத்தம்தானே?

ஒயர்மேன் | 9.8.2024

ஊத்துத் தண்ணி குடிக்கறதுக்கு. அதுல இரும்பும் சுண்ணாம்பும் கண்ணுக்குத் தெரியாது. மழைத்தண்ணி வானத்துல சுத்தம்தான், தகரக் கூரையில விழுந்து பைப்ல இறங்கற நேரத்துக்குள்ள துத்தநாகமும் துருவும் சேர்ந்துடும். இரும்பு கலந்தா பேட்டரி தானாவே இறங்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன் மட்டும்.

எப்பன்னா, முழு சார்ஜுக்கு அப்புறம். காலியா இருக்கறப்ப ஆசிட் மட்டம் தாழ்வா இருக்கும், அப்ப குறியளவு வரைக்கும் ஊத்தினா சார்ஜ் ஏறறப்ப பொங்கி வழியும். வழிஞ்சது தண்ணி இல்லை, ஆசிட். தகடு வெளியே தெரிஞ்சா மட்டும் சார்ஜுக்கு முன்னாடி தகடு மூடற அளவுக்கு ஊத்தலாம். அடர்த்தி குறையுதேன்னு ஆசிட் ஊத்தறவங்க இருக்காங்க, அது பசிச்ச பிள்ளைக்கு ஊறுகாய் ஊட்டற கதை. மூடியில இருக்கற மிதவை தண்ணி மட்டத்தை மட்டும்தான் காட்டும், சார்ஜை இல்லை.

மலைக்குளிர்ல தண்ணி மெதுவாத்தான் குறையும், சமவெளியில மாசம் ஒரு தடவைன்னா இங்க மூணு மாசம் போகும். ஒரு வருஷமா தண்ணியே கேக்கலைன்னா சந்தோஷப்படாதீங்க. ஆசிட் குமிழி விட்டுக் கொதிக்கற நிலைக்கே வரலை, அதாவது ஒருநாளும் நிறையலை.

கோத்தகிரி வாத்தியார் | 10.8.2024

எங்க பக்கம் இப்ப வெயில். அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் பக்கம் கொட்டுது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல பெய்ஞ்சது நினைவிருக்கும். எங்களுக்கு அக்டோபர், நவம்பர்தான் கஷ்டம். "நீலகிரிக்கு எத்தனை நாள் பேக்கப்"னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில் கிடையாது, மலைக்கு எந்தப் பக்கம்னு கேக்கணும்.

ஒயர்மேன் | 10.8.2024

சரியான பேச்சு. பேனல் திசையும் அப்படித்தான். நேர் தெற்குன்னு புத்தகம் சொல்லும். மதியம் மஞ்சு ஏறற இடத்துல கொஞ்சம் கிழக்கு பார்த்துத் தென்கிழக்கா வெச்சா காலை வெயில் முழுசாக் கிடைக்கும். சரிவு 10 டிகிரி போதும்னாலும் 15 வையுங்க, மழை பாசியையும் இலையையும் கழுவிட்டுப் போகும். தெற்குப் பக்கம் யூகலிப்டஸ் இருக்கா? 20 மீட்டர் மரத்தோட நிழல் டிசம்பர் நடுப்பகல்ல 13 மீட்டர் விழும். நீங்க மாட்டறப்ப சூரியன் வடக்கே இருந்தது, நிழலே தெரிஞ்சிருக்காது.

மன்னவனூரான் | 2.9.2024

மரம் ஓகே. காட்டுமாடு வந்து பேனல் ஸ்டாண்டுல முதுகு சொறியுது.

ஒயர்மேன் | 2.9.2024

ஒரு டன் எடை, அதுக்கு நம்ம 40 மி.மீ. ஆங்கிள் பல்குத்தற குச்சி. கூரைமேல ஏத்துங்க. கூரைக்கு ஏத்தினா குரங்கு பேனல் ஒயர்களைச் சேர்க்கற எம்.சி.4 கனெக்டரைப் பிடிச்சு ஊஞ்சல் ஆடும், அதுக்கு ஒயர் தொங்காம இரும்பு பைப்புக்குள்ள விட்டு, பேனலுக்கு அடியில கம்பிவலை. எலிக்கும் அதேதான். பேட்டரிப் பெட்டியில காத்து ஓட்டைக்கு வலை அடிக்க மறக்காதீங்க. ஓட்டையை அடைச்சிடாதீங்க. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தா வெடிக்கும், குளிர்காயற குமுட்டியைப் பேட்டரி பக்கத்துல வெக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க.

மன்னவனூரான் | 27.10.2024

ரெண்டு வாரமா மழை. ஆசிட் அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர் வாங்கினேன். அதுல 1.240-ஐ 1240-னு படிக்கணும். செல்லுக்குச் செல் 1190, 1200, 1170-னு வித்தியாசம். வோல்டேஜ் மட்டும் நல்லா இருக்கு.

ஒயர்மேன் | 27.10.2024

ஆசிட் தனித்தனியாப் படிஞ்சிருக்கு. கனமான ஆசிட் அடியில, நீர்த்தது மேல. கொதிநிலைக்கு வந்து குமிழி எழும்பினாத்தான் கலக்கும், நிறையாத பேட்டரியில அது நடக்கவே இல்லை. ஈக்வலைஸ் பண்ணணும், அதாவது நிறைஞ்ச பேட்டரிக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரணும்.

முதல்ல வெயிலோ ஜெனரேட்டரோ வெச்சு முழுசா நிரப்புங்க. 28.8-ல கரண்ட் 6 ஆம்புக்குக் கீழ வந்தா நிறைஞ்சதுன்னு எடுத்துக்கலாம். தகடு மூடியிருக்கான்னு பாருங்க, மூடியைத் தளர்த்துங்க, டி.சி.யில நேரா ஓடற லைட், சார்ஜர் எல்லாம் கழட்டுங்க. அப்புறம் 31 வோல்ட், ரெண்டு மூணு மணி நேரம், கரண்ட் 15 ஆம்ப் தாண்டாம. மணிக்கொரு தடவை ஹைட்ரோமீட்டர். தொடர்ந்து மூணு தடவை ஏறாம நின்னா முடிஞ்சது. பேட்டரி உடம்பு 45 டிகிரி தொட்டா நிறுத்தி ஆற விடுங்க. கண்ணாடி, கையுறை போடுங்க, பக்கத்துல ஒரு வாளி தண்ணி, கையளவு ஆப்பசோடா. ஜெல் பேட்டரியிலயும் லித்தியத்துலயும் இதைச் செய்யவே கூடாது.

கையில சின்ன ஜெனரேட்டர் இல்லைன்னா வாங்கிடுங்க. மூட்ட மாசத்துல பத்து நாளைக்கு ஒரு தடவை, காலையில ஜெனரேட்டர் வெச்சு 80 சதவீதம் வரைக்கும் ஏத்திட்டு, கடைசி மெதுவான பகுதியைப் பேனல்கிட்ட விட்டுடணும். பலபேர் சாயங்காலம் ஓட்டுவாங்க, கடைசி 20-க்காகப் பெட்ரோல் வீணா எரியும்.

ஒயர்மேன் | 28.10.2024

கன்ட்ரோலர்ல வெப்ப சென்சார் ஒயர் பேட்டரி உடம்புல ஒட்டியிருக்கா? இல்லைன்னா கன்ட்ரோலர் தன் உடம்புச் சூட்டையே பேட்டரி சூடுன்னு நினைச்சுக்கும். சார்ஜ் பண்றப்ப அது 40 டிகிரியில இருக்கும், "வெயில் காலம் போல"ன்னு வோல்டேஜைக் குறைக்கும். பேட்டரியோ 9 டிகிரியில நடுங்கிகிட்டு இருக்கும். 24 வோல்ட் பேங்குக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.05 வோல்ட். 28.8-ங்கறது 25 டிகிரிக்கு. 9 டிகிரியில 29.6-க்குப் பக்கமாக் கொடுக்கணும். பட்டினிக்கு மூணாவது காரணம் இது. முதல் நாளே சொல்லியிருக்கணும்.

மன்னவனூரான் | 29.10.2024

சென்சார் ஒயர் டப்பாவுக்குள்ளயே பிளாஸ்டிக் கவர்ல இருந்துச்சு. இப்ப ஒட்டியாச்சு.

கோத்தகிரி வாத்தியார் | 11.11.2024

இடி சீசன். பேனல் பக்கம் மின்னல் அதிர்வை எர்த்துக்கு இறக்கற டி.சி. எஸ்.பி.டி. இல்லாம இருந்தா இப்பவே போடுங்க. எர்த் பைப் ரெண்டரை மீட்டர் இறங்கணும், பாறை தட்டினா படுக்க வெச்சாவது ஈரமண்ணுக்குள்ள நீளமாப் போகணும். பேனல் ஃபிரேம், ஸ்டாண்டு, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே எர்த்துல.

கோத்தகிரி வாத்தியார் | 29.12.2024

தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளை. லித்தியம் வெச்சிருக்கற நண்பர் வீட்டுல காலை ஒன்பது வரைக்கும் பேனல் பளபளன்னு இருக்கு, சார்ஜ் பூஜ்யம். பழுதுன்னு ஃபோன் பண்றார்.

ஒயர்மேன் | 29.12.2024

பழுது இல்லை, பி.எம்.எஸ். தன் வேலையைச் செய்யுது. உறைபனி விழற காலைதான் வருஷத்துலயே தெளிவான வானம், சூரியன் வந்ததும் கரண்ட் பாயப் பார்க்கும், பெட்டி இன்னும் 0-வுல. பெட்டி வெளிக்கொட்டகையில இருக்கும், பந்தயம். லித்தியத்துக்கு வாயு கிடையாது, வீட்டுக்குள்ள கொண்டு வரச் சொல்லுங்க. சிமெண்ட் தரையில நேரா வேண்டாம், பலகை, அதுக்கு மேல தெர்மோகோல், மூணு பக்கம் தெர்மோகோல், முன்பக்கம் திறந்து. வீட்டுக்குள்ள 8-10 டிகிரி நிக்கும். அந்த நிலையில சார்ஜ் ஏறும், ஆனா 200 ஏ.எச்.க்கு 20-40 ஆம்போட நிறுத்தறது நல்லது. அடுப்பை ஒட்டியும் வைக்க வேண்டாம்.

தரையில வெச்சா கரண்ட் தரைக்கு இறங்கிடும்னு ஒரு பேச்சு உண்டு. மரப்பெட்டி பேட்டரி காலத்துக் கதை. இப்ப தரையால வர்றது குளிர் மட்டும்.

உங்க நண்பர்கிட்ட வோல்டேஜைப் பார்த்து சார்ஜ் கணக்கு சொல்லாதீங்கன்னும் சொல்லுங்க. 30 சதவீதத்துலயும் 90 சதவீதத்துலயும் செல் 3.3-ஐ ஒட்டியே நிக்கும். ஷண்ட் மீட்டர் போட்டு ஆம்ப் அவர் எண்ணணும், மாசம் ஒரு தடவை முழுசா நிரப்பி மீட்டரை 100-க்குச் சரிபண்ணணும். 8 செல் பேக்குக்கு 28.0 வோல்ட் போதும், 29.2 வரைக்கும் தள்ளறதால ஆயுசுதான் குறையும்.

மன்னவனூரான் | 12.1.2025

அண்ணே, காலையில 9 டிகிரி. முந்தின நாள் முழு சார்ஜ். 24 செல்லும் எடுத்தேன். 23 செல் 1248-ல இருந்து 1254 வரைக்கும். நாலாவது பேட்டரி மூணாவது செல் மட்டும் 1216. 1240 தாண்டியாச்சுன்னா அதிகமா சார்ஜ் ஆகுதா?

ஒயர்மேன் | 12.1.2025

அதிகமில்லை. ஹைட்ரோமீட்டர் 27 டிகிரிக்கு அளவு போட்டது. ஒரு டிகிரி குறைவுக்கு 0.7 புள்ளி கழிங்க. 18 டிகிரி வித்தியாசம், 13 புள்ளி. உங்க 1250 உண்மையில 1237. நிறைஞ்சிருக்கு. கழிக்காமப் பார்த்தா 1240 காட்டறப்பவே நிறைஞ்சதுன்னு நிறுத்திடுவீங்க, அது நிஜத்துல 1227.

அந்த ஒரு செல் 1203. மத்ததோட 34 புள்ளி வித்தியாசம். 30 தாண்டினா விடக்கூடாது. இந்த வாரம் வெயில் இருக்கறப்பவே 31 வோல்ட்ல ஒரு தடவை ஏத்துங்க, முன்னாடி பின்னாடி ரெண்டு அளவையும் வெப்பநிலையோட நோட்டுல எழுதுங்க. ரெண்டு தடவை ஈக்வலைஸ் பண்ணியும் 20 புள்ளிக்குள்ள வரலைன்னா செல் போச்சு. வாரண்டி இருக்கறப்பவே அந்த ஒரு பேட்டரியை மாத்துங்க, ஒரு வருஷத்துக்குள்ள மாத்தினா புதுசு பழசோட ஒத்துப்போகும். நோட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. வோல்டேஜ் 12.4 காட்டுது நல்லாத்தான் இருக்குன்னு கவுண்டர்ல சொல்லுவாங்க, ஆறு செல்லோட அளவையும் எதிர்ல வையுங்க.

டெர்மினல்ல பச்சை பூத்திருந்தா அதையும் இப்பவே பாருங்க. ஆப்பசோடா தண்ணியில கழுவி, துடைச்சு, நட்டை இறுக்கி, அதுக்கு அப்புறம் மேல வாசலின். தடவிட்டு இறுக்கக் கூடாது.

மன்னவனூரான் | 12.1.2025

தடவிட்டுத்தான் இறுக்கியிருக்கேன். கழட்டறேன்.